காத்திராதவர்களின் ஆகாயம்

புஷ்பக விமானத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிவந்த பெருமைகளுள் வேகம் ஒருபோதும் முதலிடம் பெற்றதில்லை. எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு அதில் இடமிருக்கும் என்பதே அதன் மகிமை. குபேரனுடைய சொத்தாக இருந்து, இராவணனால் பறிக்கப்பட்டு, இறுதியில் இராமனை அயோத்திக்குச் சுமந்துசென்ற அந்த ஊர்தியில் விபீஷணனும் சுக்கிரீவனும் வானர சேனையும் ஏறிக்கொண்ட பிறகும் நெருக்கடி உண்டாகவில்லை என்றும், காரியம் முடிந்ததும் இராமன் அதைக் குபேரனிடமே திருப்பி அனுப்பிவிட்டான் என்றும் கதை சொல்கிறது. வேறொரு விதமான ஆகாய ஊர்தியும் நம் இலக்கியத்தில் உண்டு. சீவக சிந்தாமணியில், ராஜ்யத்தை இழக்கப்போவதை உணர்ந்த சச்சந்தன், நிறைமாத கர்ப்பிணியான விசயையை மட்டும் மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அந்தப் பொறி அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் சுடுகாடு. ஒன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. மற்றது ஒருத்தியைத் தப்பவைத்தது. சௌகரியம் ஒன்றையே முன்னிட்டு, ஒருவருக்காகவே ஆகாயத்தில் ஓர் ஊர்தி செல்வது என்பது நம்முடைய காவிய கர்த்தாக்களின் கற்பனைக்கு எட்டவில்லையா, அல்லது எட்டியும் பாடத் தக்க விஷயமாகத் தோன்றவில்லையா என்பது தெரியவில்லை.

அந்த மூன்றாவது வகை விமானத்தை இன்று பார்க்க விரும்புகிறவர், மே மாதத்தின் நடுப்பகுதியில் பிரான்ஸ் தேசத்தின் தென்கரைக்குச் செல்லவேண்டும். கேன்ஸ் நகரில் சர்வதேசத் திரைப்பட விழா நடைபெறும் ஏறத்தாழப் பன்னிரண்டு நாள்களில், நட்சத்திரங்களையும் தயாரிப்பாளர்களையும் ஆபரண வியாபாரிகளையும் அவர்களுடைய விருந்தினர்களையும் சுமந்துகொண்டு, சிறிய ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீஸ் விமான நிலையத்திலும், கேன்ஸுக்கு மேற்கே உள்ள மாந்தலியூ நிலையத்திலும் இறங்குகின்றன. மாந்தலியூவின் ஓடுபாதை ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமே உடையதாகையால் மிகப் பெரிய ஜெட்டுகள் நீஸையே நாடவேண்டியிருக்கிறது. அங்கிருந்து கேன்ஸ் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆயினும் விழாக் காலத்தில் சாலை நெரிசல் மிகும் என்பதால், அந்தச் சிறு தூரத்தையும் ஏழெட்டு நிமிஷங்களில் கடக்க ஹெலிகாப்டர்கள் சித்தமாக நிற்கின்றன. வீட்டு வாசலில் காரில் ஏறியவர், அன்னியர் எவருடைய முழங்கையும் தம்மேல் படாமல், தம் பெயரை உரக்கச் சொல்லவேண்டிய அவசியமும் நேராமல், கடலைப் பார்த்த ஹோட்டல் அறையில் போய் இறங்கிவிடலாம்.

இதில் விலைக்கு வாங்கப்படுவது வேகம் என்று எண்ணுவது பொதுவான அபிப்பிராயம். ஆனால் லண்டனிலிருந்து நீஸுக்குச் சாதாரணப் பயணிகளுடன் பறந்தாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரந்தான், தனி விமானத்தில் பறந்தாலும் ஏறத்தாழ அவ்வளவேதான். இரண்டும் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகத்திலேயே செல்கின்றன. உண்மையில் வாங்கப்படுவது வேகம் அன்று, காத்திராமை. வரிசையில் நிற்பதும், பெட்டி வருகிறதா என்று சுழலும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பக்கத்து ஆசனத்துக் குழந்தை அழுது ஓயும்வரை பொறுத்திருப்பதும் ஆகிய இடைவெளிகளை நம்முடைய நாளிலிருந்து கத்தரித்து எடுத்துவிடும் உரிமைக்கே அத்தனை பணம்.

கத்தரித்து ஒட்டுவது சினிமாவின் வேலையும் அல்லவா என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சினிமாவுக்கும் தனி விமானத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைக் காட்டிலும் நெருக்கமானதுதான். ஃபால்கன் என்ற பெயரால் உலகெங்கும் பிரசித்தி பெற்ற தனி விமான வரிசையின் முதல் விமானம், மிஸ்தேர் 20 என்ற பெயரில் 1963 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் தேதி பிரான்ஸின் போர்தோ நகருக்கு அருகே முதன்முதலாகப் பறந்தது. ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலைத் தன்னந்தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க், பான் அமெரிக்கன் கம்பெனிக்காகச் சிறிய ஜெட் ஒன்றைத் தேடி வந்தவர், அதைக் கண்டதும் நமக்கான பறவை அகப்பட்டுவிட்டது என்ற கருத்தில் தந்தி அடித்தார். அவ்விமானத்தை உருவாக்கிய மார்செல் தஸ்ஸோ யுத்த காலத்தில் புக்கன்வால்ட் வதைமுகாமில் அடைபட்டுக் கிடந்து உயிர் மீண்டவர். பிற்காலத்தில் ஒரு சித்திர வாரப் பத்திரிகைக்கும் அதிபராகித் திரைப்படங்களும் தயாரித்தார். 1980 இல் பிரான்ஸின் இளைஞர்களை மயக்கிய ‘லா பூம்’ என்ற படத்தில் அவருடைய பணமும் உண்டு. நட்சத்திரத்தைச் சுமக்கும் விமானமும், அந்த நட்சத்திரம் தோன்றும் படமும், அவர் முகத்தை அச்சிடும் பத்திரிகையும் ஒரே மனிதரின் கல்லாவிலிருந்து புறப்படக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அகப்படாது.

காத்திருத்தலை விலை கொடுத்து ஒழித்துவிடலாம் என்று தோன்றுகிறதே, அது ஒழிகிறதா என்று சற்று விசாரிக்கவேண்டும். விழாவும் மொனாக்கோவின் கார்ப் பந்தயமும் அடுத்தடுத்து வரும் அந்தப் பருவத்தில், வந்த விமானங்கள் எல்லாம் நிற்க நீஸில் இடம் போதுவதில்லை. பிரயாணியை இறக்கிவிட்டு, வெறும் ஆசனங்களைச் சுமந்துகொண்டு வேறு ஊர்களின் நிலையங்களுக்குப் பறந்துசென்று அங்கே அவை நிற்கின்றன. திரும்ப அழைப்பு வரும்வரை விமானிகள் ஹோட்டல்களில் காத்திருக்கிறார்கள். கார்களின் சாரதிகள் ஹோட்டலின் பின்புறத்துச் சந்துகளில் காத்திருக்கிறார்கள். புகைப்படக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களும், சிவப்புக் கம்பளத்துக்கு எதிரே இடம் பிடிப்பதற்காகப் படியேணிகளை முன்கூட்டியே கொண்டுவந்து வேலியோடு சங்கிலியால் பிணைத்துவிட்டு, வெயிலில் காத்திருக்கிறார்கள். அழைப்பு இல்லாத ரசிகர்கள் மாலைநேரத்துக் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, ஒரு டிக்கெட் கிடைக்குமா என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்துத் தெருவோரத்தில் நிற்கிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குள்ளேயே வெள்ளை, ரோஜா, நீலம், மஞ்சள் என்று அட்டையின் நிறத்துக்கு ஏற்பக் காத்திருக்கும் நேரத்தை விகிதாசாரமாகப் பங்கிட்ட முறை நெடுங்காலம் அங்கே வழங்கிவந்தது. நம் ஊர் வருணாசிரமத்தை அறிந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டிய தேவையில்லை. ஆகவே காத்திருத்தல் ஒழிவதில்லை, கைமாறுகிறது. ஒருவர் காத்திராமல் இருப்பதற்காகப் பலர் காத்திருக்கவேண்டும் என்பதே ஐசுவரியத்தின் பழைய நியதி. பல்லக்குக் காலத்திலிருந்து அது மாறவில்லை. சுமப்பவர்களைக் கண்ணுக்கு மறைத்துவிட்டதுதான் நம் காலம் செய்த திருத்தம்.

இத்தனைக்கும் அந்த நகரமே ஒரு காத்திருத்தலில் பிறந்தது என்பது சரித்திரத்தின் விநோதம். 1834 ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் சான்சலர் பதவியை அப்போதுதான் இழந்திருந்த புரூஹாம் பிரபு, நோயாளியான தம் மகளுடன் இத்தாலியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். நீஸ் அந்நாளில் பிரான்ஸைச் சேர்ந்ததன்று, சார்தீனிய ராஜ்யத்தைச் சேர்ந்தது; புரோவான்ஸில் காலரா பரவியிருந்ததால் எல்லையாகிய வார் நதிக்கரையில் காவல் போட்டு, பிரபு என்றும் பாராமல் அவரைத் திருப்பிவிட்டார்கள். போக வழியின்றி அவர் தங்க நேர்ந்த செம்படவக் கிராமந்தான் கேன்ஸ். தங்கிய இடம் பிடித்துப்போகவே நிலம் வாங்கி, மகளின் பெயரால் மாளிகை எழுப்பினார். மகள் 1839 இல் மறைந்தாள். அவரோ 1868 இல் அவ்வூரிலேயே காலமானார். அவரைப் பின்பற்றி ஆங்கிலப் பிரபுக்கள் வந்தனர். 1863 இல் ரயில் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் நீல நிறத் தூங்கும் பெட்டிகள் கொண்ட சொகுசு ரயிலும், அரண்மனையொத்த ஹோட்டல்களும் வந்தன. அவரைத் தடுத்து நிறுத்திய அதே வார் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், கடலைத் தூர்த்து அமைத்த நிலத்தில்தான் இன்று நீஸ் விமான நிலையம் இருக்கிறது. எவரையும் ஒரு நிமிஷமும் நிறுத்திவைக்கலாகாது என்ற விரதத்துடன் தனி விமானங்கள் வந்து இறங்கும் இடம், ஒரு பிரபு நிறுத்திவைக்கப்பட்ட இடந்தான்.

விழாவும் அவ்வாறே ஒரு நீண்ட காத்திருத்தலோடு தொடங்கியது. 1938 இல் வெனிஸ் விழாவில் முசோலினியின் பெயரால் அமைந்த பரிசு, ஹிட்லருக்கு உகந்த ‘ஒலிம்பியா’வுக்கும், முசோலினியின் மகன் மேற்பார்வையில் உருவான ஒரு விமானியின் கதைக்கும் அளிக்கப்பட்டதைக் கண்டு மனம் கசந்த பிரெஞ்சுக்காரர்கள், அரசியல் அழுத்தத்துக்கு இடங்கொடாத விழா ஒன்றை ஸ்தாபிக்க விரும்பினர். கல்வி மந்திரி ஜான் ஸே அதற்கு ஆதரவு தந்தார். திறப்பு நாள் 1939 செப்டம்பர் 1; தலைமை வகிக்க இருந்தவர் சினிமாவின் பிதாக்களில் ஒருவரான லூயி லூமியேர்; அமெரிக்க நட்சத்திரங்கள் கப்பலேறி வந்து சேர்ந்திருந்தனர். அன்றைக்குத்தான் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. விருந்தினர் மூட்டை கட்டினர். விழா ஏழு ஆண்டு காத்திருந்தது. ஜான் ஸே 1944 இல் கைக்கூலிப் படையினரால் கொல்லப்பட்டு, தாம் விதைத்ததைப் பார்க்காமலே போனார். 1946 இல் விழா ஒருவாறு கூடியபோது முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினொரு படங்களில், சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ நம் தேசத்திலிருந்து சென்றது.

விமானத்திலிருந்து இறங்கியவர் இனிச் செய்யவேண்டியது சிவப்புக் கம்பளத்தில் நடப்பது. வழி நெடுக ஒருவர் கண்ணிலும் படாமல் வருவதற்காகப் பெரும்பொருள் செலவிட்ட அதே மனிதர், உலகத்தின் சகல கண்களிலும் படுவதற்காக இந்தச் சில கஜ தூரத்தை இயன்றவரை மெதுவாக நடக்கிறார். படிகள் இருபத்துநான்கு. திரைப்படச் சுருளும் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு சித்திரங்களாகவே ஓடுவது தற்செயலான பொருத்தமாக இருக்கலாம்; ஆனால் படிகளின் முடிவில் திறக்கும் லூமியேர் அரங்கத்தில் நிகழ்வது தற்செயலானதன்று. ஏறத்தாழ 2,300 பேர் அமரும் அந்த இருட்டில் விளக்கு அணைந்ததும், ஹெலிகாப்டரில் வந்தவருக்கும் தெருவோரத்தில் அட்டை பிடித்து நின்று டிக்கெட் பெற்றவருக்கும் படம் ஒரே வேகத்திலேயே ஓடுகிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இரண்டரை மணி நேரப் படத்தை ஒன்றரை மணியில் பார்த்து முடிக்க வழி இல்லை. கதாநாயகி கதவைத் திறக்கும்வரை கோடீஸ்வரரும் காத்திருக்கத்தான் வேண்டும். கத்தரித்து ஒட்டுவது சினிமாவின் வேலை என்றோமே, அது கத்தரிப்பது காத்திருத்தலை அன்று. எதற்காகக் காத்திருக்கவேண்டும் என்பதைத் தெளிவாக்கவே அது மற்றவற்றைக் கத்தரிக்கிறது.

இதைப் பொறுக்கமாட்டாதவர்களும் அங்கே உண்டு. 1960 இல் அந்தோனியோனியின் ‘லவெந்தூரா’ திரையிடப்பட்டபோது, ஒரு தீவில் காணாமற்போன பெண்ணைத் தேடிக்கொண்டே அந்தத் தேடலை மறந்துவிடும் மனிதர்களின் அந்த மெதுவான கதையைத் தாங்காமல், உடுத்திப் புனைந்து வந்திருந்த கனவான்கள் நகைத்தும் கூச்சலிட்டும், நீண்ட காட்சிகளின்போது ‘வெட்டு, வெட்டு’ என்று கத்தியும் அமர்க்களம் செய்தனர். மறுநாளே கலைஞர்களும் விமர்சகர்களும் கூடிக் கையொப்பமிட்டு அப்படத்துக்குத் தங்கள் ஆதரவைத் தெரிவித்தனர். நடுவர்களும் ஒரு பரிசை அளித்தனர். ஊர்தியில் காத்திராதவர் ஆசனத்திலும் காத்திரார் என்று இதனால் நான் சாதிக்க வரவில்லை. காத்திருக்கும் பழக்கம் விட்டுப்போனவருக்கு, அது தேவைப்படும் இடத்தில் சட்டென்று வந்து வாய்க்காது என்று மாத்திரமே சொல்கிறேன்.

நம் தேசத்துப் படம் ஒன்றும் இந்த அவசரத்தில் தவறிப்போகப் பார்த்தது. 1956 இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ திரையிடப்பட்ட இரவில் வேறொரு விருந்து நடந்துகொண்டிருந்தபடியால் பலர் படத்துக்கு வரவில்லை. பார்த்த சில விமர்சகர்கள் வற்புறுத்தி மறுபடியும் காட்டச் செய்ததன் பேரில்தான், மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. அப்படத்தில் அக்காளும் தம்பியும் நாணற்பூக்களுக்கு நடுவே ஓடிச்சென்று ரயிலைப் பார்க்கும் இடம் உலகப் பிரசித்தம். அந்த ரயிலில் அவர்கள் ஏறுவதில்லை. அது கரும்புகையுடன் கடந்துபோகிறது, அவ்வளவுதான். அக்காள் துர்க்கை ரயிலேறாமலே செத்துப்போகிறாள். எஞ்சியவர்கள் மாட்டுவண்டியில் ஊரைவிட்டுப் போகிறார்கள். ஊர்திகளில் செல்பவர்களைப் பற்றிய கதைகள் ஏராளமாக இருந்த சினிமாவில், ஊர்தி கடந்துபோவதைப் பார்த்து நிற்பவர்களின் கண்ணிலிருந்து உலகத்தைக் காட்டிய அந்தப் படம், ஊர்திகளின் வைபவம் மிகுந்த நகரத்தில் முதல் தடவை காலி ஆசனங்களைப் பார்த்து ஓடியது.

அந்நகரத்துக்கு வந்து சேர்ந்த வேறு சிலருடைய பிரயாணங்களையும் நாம் நினைத்துப்பார்க்கவேண்டும். துருக்கியின் இல்மாஸ் கூனே சிறையில் இருந்தபடியே குறிப்புகள் எழுதி அனுப்ப, அவற்றின்படி ஷெரிஃப் கோரென் ‘யோல்’ படத்தை எடுத்தார். 1981 இல் கூனே சிறையிலிருந்து தப்பி ஐரோப்பாவை அடைந்து படத்தைத் தொகுத்து முடித்தார். மறு ஆண்டு விழாவின் முதற்பரிசாகிய தங்கப் பனையோலை விருது அதற்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஈரானின் முகமது ரசூலோஃப், எட்டாண்டுச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்ட நிலையில், 2024 இல் மலைகளை நடந்தே கடந்து தேசத்தைவிட்டு வெளியேறி, தம் படம் திரையிடப்படும் நாளில் வந்துசேர்ந்தார். வர முடியாத நடிகர்களின் புகைப்படங்களைக் கையில் ஏந்தியபடி அவர் அந்தக் கம்பளத்தில் நின்றார். 2015 இல் அதே தங்கப் பனையோலையை வென்ற ஷாக் ஓதியாரின் ‘தீபன்’ படத்தில் பெரும்பகுதி பேசப்பட்டது நம் தமிழ். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு, ஒருவருக்கொருவர் உறவில்லாத மூவர் குடும்பமாக வேஷம் பூண்டு பிரான்ஸுக்கு வந்துசேரும் கதை அது. தலைமை வேஷத்தில் தோன்றிய ஷோபாசக்தியை ‘கொரில்லா’வின் ஆசிரியராகச் சிறுபத்திரிகை வாசகர்கள் முன்பே அறிவார்கள், அவரும் இளமையில் ஆயுதம் தாங்கி, பின் அதைத் துறந்து, அகதியாக அந்தத் தேசத்தை அடைந்தவரே. விசயையின் மயிற்பொறி போல உயிரைக் கொண்டு தப்புவதற்கான பிரயாணங்கள் இவை.

எனவே பகட்டு வேறு, கலை வேறு என்று பிரித்து, முன்னதை இகழ்ந்தும் பின்னதைப் புகழ்ந்தும் கட்டுரையை முடித்துவிடலாம் என்று ஆசை உண்டாகிறது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமானதன்று. 2010 இல் ஈரானியச் சிறையில் இருந்த ஜாஃபர் பனாஹியை நடுவர் குழுவில் சேர்த்து, அவர் வர முடியாமற்போக, அவருடைய ஆசனத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். ஜூலியட் பினோஷ் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற வந்தபோது பனாஹியின் பெயர் எழுதிய அட்டையை உயர்த்திக் காட்டினார். அந்தக் காலி ஆசனமும் அந்த அட்டையும் உலகத்தின் கண்ணில் பட்டது எப்படி? பட்டுடைகளையும் வைர மாலைகளையும் படம் எடுப்பதற்காக வந்து குவிந்திருந்த காமிராக்களால்தான். பகட்டு இல்லாவிடில் காமிராக்கள் இல்லை. காமிராக்கள் இல்லாவிடில் அந்த வெறுமைக்குச் சாட்சிகள் இல்லை. அடுத்த ஆண்டு, படம் எடுக்கத் தடைவிதிக்கப்பட்டிருந்த பனாஹியின் ‘இது திரைப்படம் அல்ல’, சிறு நினைவகம் ஒன்றில் பதிவாகி, கேக்கினுள் ஒளித்துக் கடத்தப்பட்டு வந்தது என்று சொல்லப்பட்டது. 2025 இல் அவர் நேரில் வந்தார். அவ்வாண்டு நடுவர் குழுவின் தலைவி அதே பினோஷ். தங்கப் பனையோலை பனாஹிக்கே கிடைத்தது. பதினைந்து ஆண்டு ஒருவருக்காகக் காத்திருந்ததே அவ்விழாவின் சரித்திரத்தில் மிகக் கௌரவமான செய்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

காத்திராமையின் விலை அதை அனுபவிப்பவரின் பணப்பையோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது தகாது. தனி விமானங்களைப் பற்றி 2024 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, 2023 ஆம் ஆண்டு கேன்ஸ் விழாவையொட்டி நிகழ்ந்த தனி விமானப் பறப்புகள் 644 என்றும், அவற்றால் ஏறத்தாழ 4,800 டன் கரியமில வாயு வெளியாயிற்று என்றும் கணக்கிட்டது. உலகெங்கும் தனி விமானப் பறப்புகளில் ஏறத்தாழப் பாதி, 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கானவை என்பதும் அதன் முடிவு; ரயிலில் போயிருந்தால் சில மணி நேரம் ஜன்னல் வழியே ஊர்களைப் பார்த்திருக்கலாம், அவ்வளவே. ஒருவர் மிச்சப்படுத்திய பொழுதுக்கு, வெயிலையும் மழையையும் நம்பி வாழும் யாரோ எங்கேயோ வட்டி கட்டவேண்டியிருக்கிறது. இங்கும் கைமாற்றுத்தான்.

நமக்கோ இவ்விழா எப்போதும் இரண்டு தவணைகளில் வந்துசேர்கிறது. விமானத்திலிருந்து யார் இறங்கினார், யார் எந்த உடையில் படியேறினார் என்பது அன்று மாலைக்குள் கிடைத்துவிடுகிறது; பரிசு பெற்ற படமோ பல மாதங்கள் கழித்து, முன்னாளில் என்றால் ஃபிலிம் சொசைட்டியின் வாடகை அரங்கில் பல ஆண்டுகள் கழித்து, கீறல் விழுந்த பிரதியாக வரும். இதைப் பின்தங்கிய தேசத்தாரின் துரதிருஷ்டமாக எண்ணி வருந்துவதே வழக்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தத் தாமதம் நமக்கு ஓர் உபகாரமும் செய்திருக்கிறது. 1956 இல் ராயின் படத்தை விட்டு விருந்துக்குப் போனவர்கள் யார் என்பது இன்று எவருக்கும் தேவைப்படாத தகவல். 1960 இல் ‘வெட்டு’ என்று கத்தியவர்களின் பெயர்களும் அப்படியே. அவர்களுடைய பிரதாபம் நம்மை எட்டுவதற்குள் கரைந்துபோய்விட, படங்கள் மட்டும் எஞ்சி வந்தன. விழாவில் கலந்துகொண்டவர்கள் வந்த ஊர்தியையும் உடையையும் விலக்கிவிட்டுப் படத்தைப் பார்க்கப் பிரயாசைப்படவேண்டியிருந்தது. நாம் காத்திருந்த ஆண்டுகளே அந்தப் பிரயாசையை நமக்காகச் செய்துவிட்டன.